ஸ்டோவால் தோட்டத்துக் குரல்: மிசிசிப்பி டெல்டா பயணக் குறிப்புகள்

சனி, மெம்பிஸ்

மெம்பிஸை ஒரே நாளில் பார்த்து முடிப்பது ஆகாத காரியம். காலையில் லொரெய்ன் மோட்டல். மார்ட்டின் லூதர் கிங் 1968-இல் சுடப்பட்ட இடம், இப்போது குடிமை உரிமைகள் அருங்காட்சியகம். அங்கிருந்து வெளியே வந்த பிறகு வேறு எதையும் பார்க்கும் மனநிலை இல்லை. இசை விடுதிகளுக்குப் பேர்போன பீல் தெருவை அரை மணி நேரத்தில் கடந்துவிட்டோம். விளக்கும் சத்தமும் நிறைய, நின்று கேட்கும்படி எதுவும் அப்போது கிடைக்கவில்லை.

தம்பி நாஷ்வில்லில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். அமெரிக்கக் கறுப்பர்களின் இசையான ப்ளூஸ் மேல் இருவருக்கும் பைத்தியம் உண்டு. அவன் கிட்டார் வாசிப்பான், நான் கேட்பதோடு சரி. டெல்டாவுக்குப் போவது என்று மட்டும் முடிவு செய்திருந்தோம், எங்கெங்கே என்று தீர்மானிக்கவில்லை. சாயங்காலம் ஒரு பழைய இசைத்தட்டுக் கடைக்குள் நுழைந்தோம். சிடி அடுக்கைக் குடைந்துகொண்டிருந்தவன் திடீரென்று கூப்பிட்டான்.

"அண்ணே, இது உன்கிட்ட இருக்கா?"

மடி வாட்டர்ஸின் 'தி கம்ப்ளீட் பிளான்டேஷன் ரெக்கார்டிங்ஸ்'. 1941-லும் 1942-லும் மிசிசிப்பியில் ஸ்டோவால் என்ற பருத்தித் தோட்டத்தில் அவர் பாடியதையும் பேசியதையும் சேர்த்து 1993-இல் வெளியிட்ட தொகுப்பு. சிகாகோவுக்குப் போய் மின்கிட்டாரை எடுத்து, பின்னால் வந்த ராக் இசைக்காரர்கள் பாதிப் பேருக்கு ஆசானாக ஆவதற்கு முந்தைய வாட்டர்ஸ். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த வாட்டர்ஸ். இப்படி ஒரு பதிவு இருப்பது படித்துத் தெரியும், ஒன்றிரண்டு பாட்டு காதில் விழுந்ததும் உண்டு. முழுதாகக் கையில் கிடைத்தது இன்றுதான். விலையைக் கூடப் பார்க்காமல் வாங்கினேன்.

அறையில் கேட்க வேண்டாம், நாளை சாலையில் கேட்டுக்கொள்வோம் என்று தம்பி சொன்னான். அவன் காரில் சிடி போடும் வசதி இன்னும் வேலை செய்கிறது.

ஞாயிறு, 61-ஆம் நெடுஞ்சாலை

மெம்பிஸிலிருந்து கிளார்க்ஸ்டேல் 120 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஊரைத் தாண்டியதும் மேடு பள்ளம் எல்லாம் தீர்ந்து நிலம் ஒரே மட்டமாகிவிடுகிறது. மிசிசிப்பி ஆறும் யாஜூ ஆறும் ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல். டெல்டா என்று பெயர் இருந்தாலும் இது கடலருகே உள்ள கழிமுகம் இல்லை, உள்நாட்டு வெள்ளச் சமவெளி. இரண்டு பக்கமும் சோயா, பருத்தி, தூரத்தில் ஒரு மரவரிசை. ஆகஸ்ட் கடைசி வெக்கையில் சாலை பளபளத்துக்கொண்டிருந்தது.

ட்யூனிகாவின் சூதாட்ட விடுதி விளம்பரங்கள் முடிந்த பிறகுதான் தட்டைப் போட்டோம்.

முதலில் ஓர் இரைச்சல். பதிவான தட்டின் இரைச்சல் அது. பிறகு கிட்டார், ஸ்லைடு. இடது கை விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு, கம்பியை அழுத்தாமல் மேலாகத் தொட்டு இழுக்கும் வாசிப்பு. அதன் பிறகு குரல். பாட்டு 'கன்ட்ரி ப்ளூஸ்'. நான் எதிர்பார்த்தது ஒரு கற்றுக்குட்டியின் குரலை. பெரிய கலைஞர்களின் ஆரம்பகாலப் பதிவுகளில் அப்படித்தான் இருக்கும். பின்னால் வரப்போவதன் சாயல் அங்கங்கே தெரியும், மீதியை நாம்தான் மனத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும். இதில் அப்படி எதுவும் இல்லை. 28 வயதிலேயே ஆள் முழுசாக இருக்கிறார். குரலின் கனம், அவசரப்படாத நடை, ஒரு வரியின் கடைசிச் சொல்லைப் பாடாமல் விட்டுவிட்டு அதைக் கிட்டாரைச் சொல்லவைக்கும் அந்தப் பழக்கம் எல்லாமே.

"அண்ணே, அந்த இடத்தைத் திரும்பப் போடு" என்றான் தம்பி. போட்டேன். மறுபடியும் கேட்டான். மூன்றாம் முறை போட்டதும் சாலையோரமாக வண்டியை நிறுத்திவிட்டான். "ஓப்பன் ஜி ட்யூனிங், கம்பி எல்லாத்தையும் ஜி கார்டுக்குச் சுருதி கூட்டி வாசிக்கிறது. கட்டை விரல் தாளத்தை விடவே இல்லை பாரு. மேல்கம்பியில ஸ்லைடு போறப்பவும் கீழே அது ஓடிட்டே இருக்கு. ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி இருக்கு." அவன் சொன்ன பிறகு எனக்கும் கேட்டது. கீழ்க்கம்பிகள் ஒரே சீராக நடக்கின்றன, மேலே கண்ணாடி அழுகிறது, இரண்டுக்கும் நடுவே குரல்.

பாட்டு முடிந்ததும் பேச்சு வருகிறது. இந்தப் பாட்டை எப்போது கட்டினாய் என்று பதிவு செய்ய வந்தவர்கள் கேட்கிறார்கள். 1938 அக்டோபர் வாக்கில் என்கிறார். கார் டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தாராம். ஒரு பெண் மோசமாக நடத்திவிட்டாள், அந்த வருத்தத்தில் பாட்டு மனத்துக்குள் ஓட ஆரம்பித்ததாம். எவ்வளவு பணிவான, மெதுவான பேச்சு! இரண்டு நிமிடம் முன்னால் பாடியவரும் இவரும் ஒரே ஆள்தானா என்று தோன்றும். இந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி. பருத்திக் காட்டிலிருந்து என்கிறார். டெல்டாவின் ப்ளூஸ் பாடகர் சன் ஹவுஸிடமிருந்து கற்றதையும், இன்னொரு டெல்டா பாடகர் ராபர்ட் ஜான்சன் இதே மெட்டில் தட்டு போட்டிருப்பதையும் மறைக்காமல் சொல்கிறார். சன் ஹவுஸ் 1930-இல் பதிவு செய்தது, ஜான்சன் 1936-இல் 'வாக்கிங் ப்ளூஸ்' ஆக்கியது, பிறகு இவர். மூவரும் பாடியது ஏறக்குறைய ஒரே மெட்டு. ஆனால் இவர் பாடினால் இவருடைய சொந்தக் கதையாகிவிடுகிறது.

கிளார்க்ஸ்டேல் வந்து சேர்ந்தபோது தொகுப்பில் பாதிதான் ஓடியிருந்தது. நிறுத்தி நிறுத்திக் கேட்டால் அப்படித்தான்.

திங்கள், கிளார்க்ஸ்டேல்

61-ஆம் எண் சாலையும் 49-ஆம் எண் சாலையும் சந்திக்கும் முனையில் கம்பம் நட்டு நீல நிறக் கிட்டார்களை மாட்டி வைத்திருக்கிறார்கள். ராபர்ட் ஜான்சன் சாத்தானிடம் ஆன்மாவை விற்ற கதைக்காக எல்லாரும் அங்கே படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கதையே பிடிக்காது. ராத்திரி பகலாக உழைத்துக் கற்ற ஒரு மனிதனின் திறமையைச் சாத்தான் கணக்கில் எழுதுவானேன்?

அங்கிருந்து சன்ஃப்ளவர் அவென்யூவில் ரிவர்சைடு ஹோட்டல் கட்டடத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். முன்பு கறுப்பர்களுக்கான மருத்துவமனையாக இருந்த இடம். ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1937 செப்டம்பரில் கார் விபத்துக்குப் பின் இங்கேதான் இறந்தார்.

டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம் 1918-இல் கட்டிய ரயில்வே சரக்கு நிலையத்தில் இருக்கிறது. மற்றதையெல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று நேரே அந்த வீட்டிடம் போனோம். ஆமாம், வீடுதான். ஸ்டோவால் தோட்டத்தில் வாட்டர்ஸ் வாழ்ந்த மரவீட்டின் மிச்சத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து அருங்காட்சியகத்துக்குள்ளேயே நிறுத்தியிருக்கிறார்கள். நடுவில் சில வருடங்கள் அது வண்டியேறி ஊர் ஊராகக் காட்சிக்குப் போய்வந்தது. அதன் ஒரு பலகையில் ஜீஜீ டாப் ராக் குழுவின் பில்லி கிப்பன்ஸ் ஒரு கிட்டாரே செய்யவைத்தார்.

சைப்ரஸ் மரம். தடித்த பலகைகள், கையால் செதுக்கிய தடம் இன்னும் தெரிகிறது. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து. ஜனவரிக் குளிரில் அந்தச் சந்து வழியாக என்ன வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். பாட்டி டெல்லா கிராண்ட்தான் அவரைச் சின்ன வயதிலிருந்து ஸ்டோவாலில் வளர்த்தவர். சேற்றில் விளையாடிய பிள்ளைக்கு 'மடி' (ஆங்கிலத்தில் சேறு படிந்தவன்) என்று பெயர் வைத்தவரும் அவரே. உண்மைப் பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட்.

வாரக் கடைசியில் இதே வீடு ஜூக் ஜாயிண்ட் ஆகிவிடுமாம். விளைச்சலில் பங்குக்குப் பயிர் செய்தவர்கள் சனிக்கிழமை ராத்திரி கூடிக் குடித்து, ஆடி, சூதாடும் இடம். சாராயம் விற்பது, மீன் பொரிப்பது, பாடுவது எல்லாம் வாட்டர்ஸ்தான். அந்தப் பாட்டில் அவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது என்று நேற்று நாங்கள் பேசிக்கொண்டதற்கு இங்கே பதில் கிடைத்தது. வருடக்கணக்காக, ஒலிபெருக்கி இல்லாமல், ஆடிக் களைத்த கூட்டத்துக்கு மேலே கேட்கும்படி பாடிய குரல் அது. ஒலிவாங்கி வந்தபோது புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் மிச்சமில்லை.

ராத்திரிச் சாப்பாடு டெல்டா டமாலே. மக்காச்சோள மாவுக்குள் காரமான இறைச்சி, சோளத் தோகையில் சுற்றி, மசாலாத் தண்ணீரில் வேகவைத்தது. நம் இலைக் கொழுக்கட்டையின் காரசாரமான பங்காளி என்று சொல்லலாம். பருத்தி எடுக்க வந்த மெக்சிகோத் தொழிலாளர்களிடமிருந்து இங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று பரவலாகச் சொல்கிறார்கள்.

செவ்வாய், ஸ்டோவால்

கிளார்க்ஸ்டேலுக்கு வடமேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வழியில் ஒரு தெளிப்பு விமானம் தலைக்கு மேலேயே வந்து திரும்பியது. வீடு இருந்த இடத்தில் இப்போது மிசிசிப்பி ப்ளூஸ் டிரெயில் பலகை ஒன்று நிற்கிறது. சுற்றிலும் வயல். பருத்திக் காய் அங்கங்கே வெடிக்கத் தொடங்கியிருந்தது.

காரின் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டுத் தட்டை முதலிலிருந்து போட்டோம். இதே ஆகஸ்ட் கடைசியில்தான் அந்தப் பதிவும் நடந்தது.

வந்தவர்கள் யார்? வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலிருந்து ஆலன் லோமாக்ஸ், நாஷ்வில்லின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்திலிருந்து ஜான் வொர்க். ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர். இருவரும் சேர்ந்து ஒரு மேசையில் சாப்பிடுவதையே மிசிசிப்பியின் சட்டமும் வழக்கமும் தடுத்த காலம். அவர்கள் ராபர்ட் ஜான்சனைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தவர்கள். ஜான்சன் 1938-லேயே இறந்துவிட்டார். அவரைப் போல வாசிக்கும் ஆள் ஸ்டோவாலில் இருக்கிறான் என்று யாரோ சொல்ல, இங்கே வந்தார்கள்.

வெள்ளைக்காரர் ஒருவர் தன்னைத் தேடுகிறார் என்றதும் வாட்டர்ஸ் பயந்துபோனார். கள்ளச் சாராயம் விற்பதற்காகப் பிடிக்க வந்த அரசாங்க ஆள் என்றுதான் நினைத்தாராம். பிறகு லோமாக்ஸ் தண்ணீர் கேட்டிருக்கிறார். வாட்டர்ஸ் குடித்த அதே கோப்பையில் வாங்கிக் குடித்திருக்கிறார். வெள்ளைக்காரர் யாரும் செய்யாத காரியம். அதற்குப் பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. இதை வாட்டர்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கருவியை இறக்கி வீட்டுக்குள் வைத்தார்கள். சுழலும் அசிடேட் தட்டில் ஊசி நேரடியாகப் பள்ளம் வெட்டிப் பதிவு செய்யும் கருவி. வெட்டி முடித்ததும் அங்கேயே போட்டுக் கேட்கலாம். இதில்தான் எனக்கு மொத்தக் கதையின் உயிரே இருக்கிறது. அதுவரை வாட்டர்ஸ் தன் குரலை வெளியிலிருந்து கேட்டதே இல்லை. கூட்டம் ஆடியதைப் பார்த்திருக்கிறார், காசு விழுந்ததைப் பார்த்திருக்கிறார், ஆனால் தான் எப்படி ஒலிக்கிறோம் என்று தெரியாது. ஊசியை மறுபடியும் முதலில் வைத்ததும், கடையில் விற்கும் தட்டுகளில் பாடுபவர்களின் குரலைப் போலவே தன் குரலும் அந்தப் பெட்டியிலிருந்து வந்தது. என்னாலும் முடியும் என்று அப்போதுதான் பட்டதாக அவர் பின்னால் பேட்டிகளில் சொன்னார்.

லோமாக்ஸ் பிறகு தட்டின் இரண்டு பிரதிகளையும் 20 டாலர் காசோலையையும் அனுப்பிவைத்தார். வாட்டர்ஸ் கோட்டு சூட்டு போட்டு, அந்தத் தட்டைக் கையில் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஒரு பிரதியைக் கடையில் இருந்த ஜூக்பாக்ஸில், அதாவது காசு போட்டால் பாடும் தட்டுப் பெட்டியில் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. தட்டைப் பிடித்திருக்கும் விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

1942 ஜூலையில் மறுபடியும் வந்து பதிவு செய்தார்கள். அந்தப் பாட்டுகளில் ஃபிடில் வாசித்த சன் சிம்ஸும் அவர் குழுவும் உண்டு, இரண்டாவது கிட்டார் உண்டு. தோட்ட முதலாளியின் தீவனப் பயிரைப் பற்றி 'பர் க்ளோவர் ப்ளூஸ்' என்று ஒரு பாட்டும் உண்டு. இசை நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் தனியாகப் பாடிய 1941 பதிவுகள்தான் எனக்கு மேலே நிற்கின்றன.

மறுவருடம், 1943 மே. டிராக்டர் ஓட்ட மணிக்கு 22½ சென்ட் கூலி. அதை 25 ஆக்கித் தரும்படி மேற்பார்வையாளரிடம் கேட்டார். அந்த ஆள் கோபத்தில் குதித்தான். இரண்டரை சென்ட்! சில நாட்களில் வாட்டர்ஸ் கிளார்க்ஸ்டேலில் ரயில் ஏறிவிட்டார், சிகாகோவுக்கு. அந்த வயலைப் பார்த்துக்கொண்டே இதைத் தம்பிக்குச் சொன்னபோது அவன் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் கேட்டான். "அந்தத் தட்டு இல்லாம இருந்திருந்தா இவர் கூலி உயர்வு கேட்டிருப்பாரா அண்ணே?"

தெரியாது. ஆனால் ரயில் ஏறியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

புதன், ஹாப்சன், ஃப்ரையர்ஸ் பாயிண்ட்

காலையில் கிளார்க்ஸ்டேலுக்குத் தெற்கே ஹாப்சன் தோட்டம். 1944 அக்டோபரில், விதைப்பு முதல் அறுவடை வரை இயந்திரத்தாலேயே செய்த பருத்திப் பயிரை இங்கே பொதுமக்களுக்குக் காட்டினார்கள். ஓர் ஆள் ஒரு நாளில் கையால் எடுப்பதைப் போலப் பல மடங்கு அந்த இயந்திரம் எடுத்தது. அதன் பிறகு தோட்டங்களுக்கு ஆள் தேவைப்படவில்லை. லட்சக்கணக்கான கறுப்பர்கள் வடக்கே போனதற்கு அதுவும் ஒரு காரணம். வாட்டர்ஸ் ஒரு வருடம் முந்திக்கொண்டார், அவ்வளவுதான். சிகாகோவில் அவருக்குக் கிடைத்த ரசிகர்கள் இந்த வயல்களிலிருந்து போனவர்களே.

இங்கே பழைய கூலிக் குடிசைகளைப் பயணிகள் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு அங்கே தங்க மனம் வரவில்லை.

மதியம் ஆற்றோரம் ஃப்ரையர்ஸ் பாயிண்ட். ராபர்ட் ஜான்சன் தெருவில் வாசித்ததை இங்கே கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பார்த்ததாக வாட்டர்ஸ் சொல்லியிருக்கிறார். ஊர் அமைதியாகக் கிடக்கிறது. கரைமேல் ஏறினால் மிசிசிப்பி ஆறு, பழுப்பு நிறத்தில், கடல் மாதிரி அகலமாக.

ராத்திரி கிளார்க்ஸ்டேலில் ஒரு சின்ன ஜூக் ஜாயிண்டுக்குப் போனோம். சிவப்பு விளக்கு, மடக்கு நாற்காலிகள், வயதான ஒருவர் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் தம்பி அவரிடம் போய் ஸ்லைடைக் காட்டச் சொன்னான். பித்தளைக் குழாய்த் துண்டு, உள்பக்கம் விரலுக்குப் பிடிமானமாகத் துணி ஒட்டியிருந்தது. ஸ்டோவால் பதிவுகளைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். "நல்ல பதிவு, தம்பி. ஆனா நீ வாசிக்கும்போது அவரை மறந்துடணும்" என்றார். பிறகு தம்பியின் கையைப் பிடித்து, ஸ்லைடு, கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும், ஒரு நூல் பின்னால் போனாலும் சுருதி இறங்கிவிடும் என்று காட்டிக்கொடுத்தார். இன்று முழுவதிலும் எனக்குப் பிடித்தது அந்த ஐந்து நிமிடம்.

வியாழன், நாஷ்வில்

காலையிலேயே கிளம்பினால்தான் சாயங்காலம் நாஷ்வில் சேர முடியும். வழியில் 1941-இன் 'ஐ பீஸ் ட்ரபிள்ட்' பாட்டையும் 1948-இன் 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்' பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டோம். பாட்டு ஒன்றேதான். சிகாகோவில் மின்கிட்டார் வந்திருக்கிறது, பிக் கிராஃபோர்டின் பேஸ் வாத்தியம் வந்திருக்கிறது, வேகம் கொஞ்சம் கூடியிருக்கிறது. தட்டின் மறுபக்கத்தில் இருந்த 'ஐ ஃபீல் லைக் கோயிங் ஹோம்' பாட்டும் 'கன்ட்ரி ப்ளூஸ்' பாட்டின் மறுவடிவமே. அதை வெளியிட்ட அரிஸ்டோகிராட் இசைத்தட்டு நிறுவனத்தின் லெனார்ட் செஸ்ஸுக்கு அவர் பாடுவது என்னவென்றே புரியவில்லை. ஆனால் முதல் அச்சு கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்துபோனது. ஓர் ஆளுக்கு ஒன்றுதான் என்று கடைக்காரர்கள் அளந்து விற்க, பாடியவருக்கே ஒரு பிரதி வாங்குவது பெரும்பாடாகிவிட்டது. டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோது மர வீட்டில் உட்கார்ந்து பாடிய அதே இரண்டு பாட்டுகள்.

இருட்டுவதற்குள் ஃபிஸ்க் வளாகத்துக்குப் போய்விட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். ஜான் வொர்க் பாடம் நடத்திய இடம். இந்தப் பயணத்தில் நான் அதிகம் நினைத்துக்கொண்டது அவரைத்தான். 1940 ஏப்ரலில் நாச்சஸ் நகரில் ஒரு நடன அரங்கம் தீப்பிடித்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் துயரத்தைப் பற்றி மக்கள் கட்டியிருக்கக்கூடிய பாட்டுகளைச் சேகரிக்கலாம் என்று முதலில் யோசனை சொன்னவர் வொர்க். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஃபிஸ்கும் நாடாளுமன்ற நூலகமும் சேர்ந்து கொஹோமா மாவட்டத்தில் செய்த ஆய்வு. அந்த ஆய்வில்தான் வாட்டர்ஸ் கிடைத்தார். வொர்க் பாட்டுகளுக்கு ஸ்வரக்குறிப்பு எழுதினார், நீண்ட கையெழுத்துப் பிரதி தயார் செய்தார். அது அச்சேறவில்லை. லோமாக்ஸின் ஆவணங்களுக்கு நடுவே பல பத்தாண்டுகள் கிடந்து, வொர்க் 1967-இல் இறந்து நெடுநாள் கழித்து, 2005-இல்தான் புத்தகமாக வந்தது. மடி வாட்டர்ஸைக் கண்டுபிடித்தவர் லோமாக்ஸ் என்று ஒற்றை வரியில் எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்தத் தொகுப்பைத் தேடிக் கேட்கப்போகிறவர்களுக்கு ஒன்று. நடுவில் வரும் உரையாடல் துண்டுகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். முதலில் 'கன்ட்ரி ப்ளூஸ்', உடனே அந்தப் பேச்சு, பிறகு 'ஐ பீஸ் ட்ரபிள்ட்', அது முடிந்த கையோடு 1948 தட்டு. இந்த வரிசையில் கேளுங்கள். நாளைக் காலை எனக்கு விமானம். சிடியைத் தம்பியிடம் விட்டுப் போகிறேன், அந்த வாசிப்பை அவன் இன்னும் பிடிக்க வேண்டியிருக்கிறது.